வீட்டில் நடக்கும் விஷப் பரீட்சை

பெங்களூர் டவுன் ஹாலுக்கு அருகே சதர் பத்ரப்பா ரோடு இருக்கிறது. எஸ்.பி. ரோடு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ரேடியோ ரிப்பேர் செய்தவர்கள் ஒரு காலத்தில் வால்வும் கண்டென்சரும் தேடி அலைந்த தெரு. இன்று இன்ஜினீயரிங் மாணவர்கள் பிராஜெக்டுக்குச் சாமான் வாங்கும் தெரு. சூடேறும் கம்பி, பாட்டரி செல், சுவிட்ச், மல்டிமீட்டர் எல்லாம் அங்கே சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இவற்றில் எதை வாங்குவதும் குற்றமில்லை. எதை விற்பதும் குற்றமில்லை.

ஆனால் இதே சாமான்களை ஒன்று சேர்த்து, ஒரு சிறு குழாய்க்குள் பஞ்சுத் திரியும் கம்பிச் சுருளும் வைத்து, வாயில் வைத்து உறிஞ்சும் கருவியாகச் செய்தால் அது சட்டப்படி குற்றம். உடம்புக்கும் கேடு. மின்சார சிகரெட்டின் உயிர்நாடியான அட்டமைசரைத் தானே செய்து, தானே சோதித்துப் பார்க்கும் பொழுதுபோக்கு உலகின் பல நாடுகளில் வாலிபர்களைப் பிடித்திருக்கிறது. கடையில் வாங்கத் தடை இருக்கும் இடத்தில், "நாமே செய்துகொண்டால் என்ன?" என்ற எண்ணம் தலைதூக்குவது இயல்பு. லேத் பட்டறையும் எலெக்ட்ரானிக்ஸ் கடையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெங்களூரில் அந்த எண்ணம் செயலாவதற்கு வெகு நேரம் ஆகாது. அதனால்தான் பெற்றோர்களும் ஆசிரியர்களும் இதைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

பிறந்த கதை

புகையில்லாத சிகரெட் என்ற யோசனை புதிதல்ல. ஹெர்பர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்கர் 1965-ம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். அதை வாங்கி விற்க அன்று யாரும் முன்வரவில்லை. 2003-ம் ஆண்டு சீனாவைச் சேர்ந்த ஹோன் லிக் என்ற மருந்தாளுநர் இன்றைய மின்சார சிகரெட்டுக்கு வழி வகுத்தார். அவர் தாமே புகைபிடிப்பவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். சிகரெட்டுக்கு மாற்று தேட வேண்டும் என்ற ஆதங்கத்தில் பிறந்த கருவி அது.

நோக்கம் நல்லதாக இருந்திருக்கலாம். ஆனால் பொருள் சந்தைக்கு வந்தபின் கதை மாறியது. மாம்பழம், புதினா, காப்பி என்று வாசனை சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். சிகரெட்டையே தொட்டிராத பிள்ளைகளும் வாயில் வைத்தார்கள்.

ஆரம்ப நாட்களில் வந்த கருவிகள் மட்டமானவை. திரவம் கசியும். திரி கருகும். சுருள் சீக்கிரம் அறுந்துபோகும். இந்தக் குறைகளைச் சகிக்க முடியாத கைவேலைக்காரர்கள் மேல்நாடுகளில் தாங்களே அட்டமைசர் செய்யத் தொடங்கினார்கள். எஃகு வலையைச் சுருட்டித் திரியாக்கிப் பார்த்தார்கள். பஞ்சைத் திணித்துப் பார்த்தார்கள். துளையின் அளவை மாற்றி மாற்றிக் கடைந்து பார்த்தார்கள். இப்படித்தான் இது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்தது.

கைத்திறன் இருக்கிறது, ஆனால்...

அட்டமைசரின் தத்துவம் எளிது. அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத நிக்ரோம் அல்லது காந்தால் கம்பி சுருளாகச் சுற்றப்படுகிறது. அதன் நடுவே திரி. திரியை நனைக்கும் திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், பெரும்பாலும் நிகோடின். பாட்டரியின் மின்சாரம் பாய்ந்ததும் கம்பி சூடேறுகிறது. திரவம் ஆவியாகிறது. உறிஞ்சுகிறவர் அதை நெஞ்சுக்குள் இழுக்கிறார்.

இதைச் செய்ய நிதானம் வேண்டும். கை நடுங்காமல் சுற்ற வேண்டும். ஓம் விதி தெரிந்திருக்க வேண்டும். செய்கிறவர் மூடர் அல்ல. பெரும்பாலும் புத்திசாலிப் பையன்தான். அவனும் தன் கருவியைச் சோதிக்கத்தான் செய்கிறான். சுருளின் தடை எத்தனை ஓம், திரவம் கசிகிறதா, புகை எவ்வளவு அடர்த்தி, தொண்டையில் காரம் எப்படி, கருகல் வாசனை வருகிறதா என்று ஐந்தாறு பரீட்சைகள் வைக்கிறான். எல்லாவற்றிலும் தேறிவிட்டால், "நன்றாக வேலை செய்கிறது" என்று முடிவு கட்டுகிறான்.

கோளாறு இங்கேதான் இருக்கிறது. இந்தப் பரீட்சைகள் அனைத்தும் கருவி ஓடுகிறதா என்பதற்கான பரீட்சைகள். உறிஞ்சுகிறவரின் நெஞ்சுக்குள் என்ன போகிறது என்பதற்கு அவற்றில் ஒன்றுகூடப் பதில் சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய கருவிகள் ரசாயன ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கின்றன. வீட்டு மேஜையில் இல்லை. கண்ணால் பார்த்தும் நாக்கால் ருசித்தும் உலோகத் துகளைக் கண்டுபிடிக்க எவராலும் முடியாது.

ஆவியில் வரும் உலோகம்

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 56 பேரின் மின்சார சிகரெட்டுகளை வாங்கிச் சோதித்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கருவியில் ஊற்றுவதற்கு முன் திரவத்தில் உலோகம் மிகச் சொற்பமாகவே இருந்தது. சூடான சுருளைத் தொட்டு ஆவியாக வெளிவந்தபோது ஈயம், நிக்கல், குரோமியம் ஆகியவை பன்மடங்கு கூடியிருந்தன. திரவம் சுத்தமாக இருந்தும், ஆவியில் உலோகம் கலந்திருக்கிறது.

இது கடைகளில் விற்ற கருவிகளின் நிலைமை. வீட்டில் செய்யும்போது எந்தக் கம்பி, எந்தக் கம்பெனி, அதில் என்ன கலந்திருக்கிறது என்பதற்குச் சான்று ஏது? இணைப்புக்கு ஈயம் கலந்த சாதாரண சால்டரை உருக்கி ஒட்டினால், அந்த ஈயம் எங்கே போகும்? ரேடியோவுக்குள் இருக்கும் சால்டரை யாரும் உறிஞ்சுவதில்லை. அட்டமைசருக்குள் இருப்பதை உறிஞ்சுகிறார்கள்.

சாப்பிடலாம் என்றால் சுவாசிக்கலாமா?

"கிளிசரின் கேக்கில் சேர்க்கிறார்கள். எசென்ஸ் ஐஸ்கிரீமில் சேர்க்கிறார்கள். அதில் என்ன கெடுதல்?" என்று கேட்பவர்கள் உண்டு. வயிறு வேறு, நுரையீரல் வேறு. சாப்பிட்டதைச் செரித்து, வேண்டாததைக் கழிக்க வயிற்றுக்கும் ஈரலுக்கும் வழி இருக்கிறது. நுரையீரலின் நுண்ணிய காற்றுப் பைகளுக்கு அந்த வசதி இல்லை.

இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் சோளப்பொரி தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு மூச்சுக்குழல்கள் அடைபடும் கொடிய நோய் வந்திருப்பது 2000-ம் ஆண்டில் தெரியவந்தது. காரணத்தைத் தேடியபோது, பொரிக்கு வெண்ணெய் வாசனை கொடுக்கச் சேர்த்த டயசெட்டைல் என்ற பொருளின் ஆவி என்று கண்டார்கள். அந்தப் பொரியைத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆவியைச் சுவாசித்தவர்களுக்கு ஆயுள் தண்டனை. அதே டயசெட்டைல், 2015-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் சோதித்த 51 வகை மின்சார சிகரெட் வாசனைகளில் 39-ல் இருந்தது.

திரி காய்ந்த நிலையில் சுருள் அளவுக்கு மீறிச் சூடேறினால் கிளிசரினும் கிளைக்காலும் சிதைந்து பார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுப் பொருட்கள் உண்டாகின்றன. பார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2015-ல் இது பற்றி அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டபோது, "அத்தனை சூட்டில் யாரும் உறிஞ்ச மாட்டார்கள்" என்று மறுப்பு எழுந்தது. அந்த மறுப்பில் நியாயம் இருக்கலாம். ஆனால் வீட்டில் செய்த கருவியில் சூடு எல்லை மீறாது என்று உத்தரவாதம் கொடுப்பவர் யார்?

பாட்டரி என்னும் வெடிமருந்து

மற்றொரு ஆபத்து உடனடியானது. முழுதாகச் சார்ஜ் ஏறிய ஒரு லித்தியம் செல் 4.2 வோல்ட் கொடுக்கும். சுருளின் தடை ஒரு ஓம் என்றால் 4.2 ஆம்பியர் பாயும். அரை ஓம் என்றால் 8.4 ஆம்பியர். புகை நிறைய வரவேண்டும் என்ற ஆசையில் 0.2 ஓமுக்கு இறக்கினால் 21 ஆம்பியர்! பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய பல செல்கள் இவ்வளவு பளுவைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல.

அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். மலிவான மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தாலே சில சமயம் 0.2, 0.3 ஓம் என்று காட்டும். அந்த மீட்டரை நம்பி 0.2 ஓம் சுருளை அளப்பது, காய்கறித் தராசில் தங்கம் நிறுப்பது போல. அளக்கிறவரின் தவறு அல்ல. அளவுகோலின் வசதி அவ்வளவுதான்.

2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மின்சார சிகரெட் வெடித்து ஒருவர் வீட்டிலேயே மாண்டார். 2019 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் மற்றொரு வாலிபர் அதே விதமாக உயிரிழந்தார். மற்ற விபத்துகளில் கையோ காலோ போகும். இது முகத்தருகே வைத்துக்கொள்ளும் கருவி.

68 உயிர்கள்

இந்த விஷயத்தில் உலகமே பாடம் படித்தது 2019-ல். அமெரிக்காவில் வாலிபர்கள் திடீர் திடீரென்று மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். 2020 பிப்ரவரி நடுப்பகுதி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். பலரிடம் பழகிய கருவியே இருந்தது. உள்ளே ஊற்றிய திரவத்தில்தான் வினை. கஞ்சாச் சத்து கலந்த திரவத்தைக் கெட்டியாகக் காட்ட அதில் வைட்டமின் இ அசிட்டேட் என்ற எண்ணெயைக் கலந்திருந்தார்கள். தோலில் தடவும் களிம்புகளில் சேரும் பொருள் அது.

பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தத் திரவத்தை நண்பர்களிடமும் கள்ளச் சந்தையிலும் வாங்கியவர்கள். கலந்தவருக்கும் அது கொல்லும் என்று தெரிந்திருக்காது. பார்வைக்கு நன்றாக இருந்தது, புகை வந்தது, விற்றார்கள். வீட்டுப் பரீட்சையில் தேறிய சரக்கு ஆஸ்பத்திரியில் தோற்றது.

சட்டம் சொல்வது என்ன?

கர்நாடக அரசு 2016 ஜூன் மாதத்திலேயே மின்சார சிகரெட்டைத் தடை செய்தது. தமிழ்நாடு 2018-ல் தடை விதித்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமாயிற்று.

இச்சட்டப்படி மின்சார சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, கொண்டுசெல்வது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முதல் தடவை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும். சரக்கைச் சேமித்து வைப்பதற்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

"உறிஞ்சுவதற்குத் தண்டனை என்று சட்டத்தில் இல்லையே?" என்று சில வாலிபர்கள் வாதாடக்கூடும். உண்மைதான். ஆனால் தயாரிப்பு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில், மின்சார சிகரெட்டை மட்டுமல்ல, அதன் எந்த ஒரு பாகத்தைச் செய்வதும் பொருத்துவதும் அடங்கும். அட்டமைசர் ஒரு பாகம்தான். நிகோடின் இல்லாத திரவம் என்று சொல்லியும் தப்ப முடியாது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கருவி ஒன்றே என்கிறது சட்டம். நண்பனுக்கு ஒன்று செய்து கொடுத்து ஐநூறு ரூபாய் வாங்கினால் அது விற்பனை. பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் போலீஸ் விசாரணை வரும் வயதில், ஒரு கம்பிச் சுருளுக்காக வழக்கில் சிக்குவது புத்திசாலித்தனமா?

எதிர்வாதமும் பதிலும்

இங்கே ஒரு கேள்வி எழும். பெட்டிக்கடைதோறும் சிகரெட்டும் பீடியும் தொங்குகின்றன. 2016-17-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகையிலையைப் பயன்படுத்தும் பெரியவர்கள் ஏறத்தாழ 26 கோடியே 70 லட்சம் பேர். அந்தப் பேயை உலவவிட்டு, இந்தக் குட்டிச்சாத்தானை மட்டும் கட்டிப்போடுவது என்ன நியாயம்? பிரிட்டனில் மருத்துவர்களின் ராயல் கல்லூரியே, மின்சார சிகரெட்டால் விளையும் கேடு சிகரெட்டின் கேட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்ட வாய்ப்பில்லை என்று 2016-ல் சொல்லவில்லையா?

சொன்னது. இந்த வாதத்தை உதறித் தள்ள முடியாது. சிகரெட்டையும் பீடியையும் தாராளமாக விட்டுவைத்திருப்பது அரசின் குறையே. ஆனால் பிரிட்டன் சொன்னதை முழுவதும் படிக்க வேண்டும். அங்கே அனுமதிக்கப்பட்டது, அரசிடம் பதிவு செய்து, ஆவியில் என்ன இருக்கிறது என்று கணக்குக் காட்டிய கருவிகள். ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் நிகோடின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தொட்டியில் இரண்டு மில்லிலிட்டருக்கு மேல் கொள்ளக் கூடாது என்று அளவு வைத்தார்கள். அப்படியும் பிள்ளைகள் கையில் போவதைக் கண்டு, உபயோகித்து எறியும் வகையை 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து அங்கேயும் தடை செய்துவிட்டார்கள். ஆகவே பிரிட்டனின் உதாரணம் சோதனைக் கூடத்துக்குச் சாட்சி சொல்கிறதே தவிர, வீட்டு மேஜைக்குச் சாட்சி சொல்லவில்லை.

சிகரெட்டை விட முடியாமல்தான் இதைத் தொட்டேன் என்பவர்களும் உண்டு. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது சரியல்ல. உதவி தேடுகிறவர்களாகப் பார்க்க வேண்டும். நிகோடின் கலந்த சூயிங்கம் மருந்துக் கடைகளில் சட்டப்படியே கிடைக்கிறது. அதில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் அச்சடித்திருக்கிறது. புகையிலையை விட விரும்புவோர் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். அந்தத் தொலைபேசி ஆலோசனை நிலையங்களில் ஒன்று பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இந்த எண்ணைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தொழிற்சாலை வாசலிலும் பஸ் நிலையத்திலும் கன்னடத்தோடு தமிழிலும் உருதுவிலும் இதை எழுதி வைப்பது அரசுக்குப் பெரிய செலவல்ல. தடை போடுவதில் காட்டிய வேகத்தில் பாதியையாவது இதில் காட்ட வேண்டும்.

திறமைக்கு வேறு வழி

இன்னொரு கடமையும் இருக்கிறது. பையனின் கையிலிருந்து கருவியைப் பிடுங்குவது எளிது. அந்தக் கைக்கு வேறு வேலை கொடுக்காவிட்டால் அது மறுபடியும் அங்கேயே போகும்.

பெங்களூர் கைத்திறனால் வளர்ந்த ஊர். 1940-ல் எச்.ஏ.எல்., 1948-ல் ஐ.டி.ஐ., 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பி.இ.எல். என்று தொழிற்சாலைகள் எழுந்தபோது அங்கே பிட்டராகவும் டர்னராகவும் நின்றவர்களில் தமிழர்கள் ஏராளம். மைக்ரோமீட்டரை வைத்து அளந்து பார்க்காமல் ஒரு சாமானையும் அவர்கள் அடுத்த மேஜைக்கு அனுப்பியதில்லை. இன்ஸ்பெக்ஷன் முத்திரை விழாத பாகம் விமானத்தில் ஏறாது என்பது அவர்களுக்குப் பாலபாடம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள், எந்த முத்திரையும் இல்லாத ஒரு குழாயை நுரையீரலுக்குள் திறந்துவிடுவதை என்னவென்று சொல்வது?

திரவத்தை நுண்துளியாக்கும் அதே தத்துவம்தான் ஆஸ்துமாக்காரர்களுக்கு உதவும் நெபுலைசரிலும் இருக்கிறது. அதில் மருந்து நுரையீரலின் ஆழத்துக்குப் போய்ச் சேர, துளியின் அளவு ஒரு மைக்ரானிலிருந்து ஐந்து மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் செய்கிறார்கள். கொரோனா பரவிய 2020-ல், பெங்களூர் பி.இ.எல். நிறுவனம் மைசூரைச் சேர்ந்த ஒரு கம்பெனியோடு சேர்ந்து 30 ஆயிரம் வென்டிலேட்டர்கள் செய்யும் பணியை ஏற்றது. ரேடார் செய்த கைகள் மூச்சுக் கருவி செய்தன. காற்றையும் துளியையும் அளப்பதில் ஆர்வமுள்ள பையனுக்கு இதைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்?

தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் மாலை வேளைகளில் பட்டறைகளைத் திறந்துவிடலாம். மூச்சுக் கருவிகளைப் பழுது பார்க்கவும் அளந்து சோதிக்கவும் வகுப்பு நடத்தலாம். தமிழ்ச் சங்கங்கள் பட்டிமன்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் செலவிடும் அக்கறையில் கொஞ்சத்தை இந்தப் பக்கமும் திருப்பலாம். ஓய்வு பெற்ற டூல் ரூம் தொழிலாளிகள் பேட்டைக்குப் பேட்டை இருக்கிறார்கள். கற்றுக்கொடுக்க அவர்கள் தயார். கூப்பிடத்தான் ஆள் இல்லை.

பெற்றோர்களும் கண்ணைத் திறந்துவைக்க வேண்டும். மேஜை டிராயரில் கம்பிச் சுருளும் பஞ்சும் உருளைப் பாட்டரியும் பழவாசனைக் குப்பியும் சேர்ந்து கிடந்தால் அது கல்லூரிப் பிராஜெக்ட் அல்ல. அடிக்க வேண்டாம், உட்காரவைத்துப் பேசுங்கள். நிகோடின் திரவம் தோலில் பட்டாலே உடம்பில் ஏறும் விஷம். வீட்டில் தவழும் குழந்தை அதை எடுத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

"இதைச் செய்ய உனக்குத் தெரியும், சரி. இது உள்ளே என்ன செய்கிறது என்று அளக்க உன்னிடம் என்ன இருக்கிறது?" என்ற கேள்வியையும் கேளுங்கள். புத்திசாலிப் பையனாக இருந்தால் பதில் சொல்லத் திணறுவான். அந்த இடத்தில் அவனைக் கைவிடாமல், நல்ல பட்டறையின் வாசலைக் காட்டுவது பெரியவர்களின் பொறுப்பு.